பையனா, பொண்ணா?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டபடி, பேசியதை ஓரளவு ஒழுங்குபடுத்தி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டபோதே, "சார், இருபது நிமிஷம்தான். ஒரு மணிக்கு இலை போட்டுடுவாங்க" என்று சொல்லிவிட்டார். 33 வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவனுக்கு மணி அடித்தால் நிறுத்தத் தெரியும். யாரும் பயப்பட வேண்டாம்.

மழையைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். குறிப்பாக, நம்ம ஊர் ஐப்பசி, கார்த்திகை மழை. அதற்கும் பத்தாயிரம் மைல் தாண்டி இருக்கிற பசிபிக் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்பது விஷயம். அதோடு, இந்தச் சம்பந்தத்தை அரைகுறையாகச் சொல்லி நான் செய்த ஒரு தப்பையும் உங்கள் முன்னால் ஒப்புக்கொள்ளப் போகிறேன்.

எனக்கு ஒரு தம்பி. தண்டராம்பட்டு பக்கம், தென்பெண்ணைக் கரையோரம் விவசாயம். நான் படித்தேன், அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டான். நான் காலேஜ் படித்ததும் அந்த நிலத்து நெல்லில்தான். ரிட்டயர் ஆன பிறகு வீட்டு மாடியில் ஒரு மழைமானி வைத்து அளந்து நோட்டில் எழுதுவது எனக்கு வழக்கம். செய்தித்தாளில் எல் நினோ, லா நினா என்று வரும்போதெல்லாம் தம்பிக்கு விளக்குவேன். ஸ்பானிய மொழியில் எல் நினோ என்றால் ஆண் குழந்தை, லா நினா என்றால் பெண் குழந்தை. கிறிஸ்துமஸ் சமயத்தில் பெரு நாட்டுக் கரையோரம் கடல் திடீரென்று சூடாவதைப் பார்த்த மீனவர்கள், குழந்தை யேசுவை நினைத்து வைத்த பெயர் அது. இதைச் சொன்னதும் தம்பி பிடித்துக்கொண்டான். அன்றிலிருந்து வருஷா வருஷம் நவராத்திரிக்கு முன்னால் போன் செய்து ஒரே கேள்விதான்: "ண்ணா, இந்த வருஷம் பையனா, பொண்ணா?"

பையன் வந்தால் ஐப்பசி மழை நன்றாக இருக்கும், பொண்ணு வந்தால் கொஞ்சம் குறைச்சல் என்று நான்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அது பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை.

முதலில் அதில் உள்ள உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். 1876-ல் சென்னை மாகாணத்தில் தென்மேற்குப் பருவமும் பொய்த்தது, வடகிழக்கும் பொய்த்தது. அடுத்த வருஷமும் பசி தொடர்ந்து, லட்சக்கணக்கான உயிர்கள் போயின. அதற்கு முந்தின வருஷம், 1875-ல்தான், இந்திய வானிலைத் துறை தொடங்கியிருந்தது. மழை பொய்க்குமா என்று முன்கூட்டியே சொல்ல முடியாதா என்ற கேள்வி அந்தத் துறையின் தலையில் விழுந்தது. 1904-ல் அதன் தலைவராக கில்பர்ட் வாக்கர் என்பவர் வந்தார். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதலாவதாக வந்தவர். வானிலை அவருக்குப் புதுசு. கம்ப்யூட்டர் இல்லாத காலம். உலகத்தின் பல மூலைகளிலிருந்து காற்றழுத்தம், மழை, வெப்பநிலைப் பதிவுகளை வரவழைத்து, குமாஸ்தாக்களை உட்கார வைத்து, எதற்கும் எதற்கும் உறவு இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தார்.

அப்போது தெரிய வந்தது ஒரு பெரிய ஏற்றக்கால். நம் கிணற்றடியில் இருந்ததே, ஒரு பக்கம் இறங்கினால் மறுபக்கம் ஏறுமே, அது மாதிரி. பசிபிக் பக்கம் காற்றழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது. அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது. இதற்கு 'தென் அலைவு' என்று பெயர் வைத்தார். இந்தக் காற்று ஏற்றக்காலும் பெருவின் கடல் சூடும் ஒரே விஷயத்தின் இரண்டு முகங்கள் என்று 1969-ல் விளக்கியவர் ஜேக்கப் பியர்க்னஸ்.

சாதாரண வருஷத்தில் பசிபிக்கின் காற்று கிழக்கிலிருந்து மேற்காக வீசி, சூடான மேல் தண்ணீரை இந்தோனேசியா பக்கம் தள்ளி வைக்கிறது. அங்கே வெந்நீர் அண்டா மாதிரி ஆவி எழும்பி மழை கொட்டுகிறது. எல் நினோ வருஷத்தில் இந்தக் காற்று தளர்கிறது. வெந்நீர் நடுக்கடலுக்கும் கிழக்குக்கும் நகர்ந்துவிடுகிறது. மேலே எழும்ப வேண்டிய இந்தோனேசியாவில் காற்று கீழே இறங்குகிறது. நடு பசிபிக்கில் ஒரு குறிப்பிட்ட பகுதியின் சராசரிச் சூடு வெறும் அரை டிகிரி செல்சியஸ் கூடி, மாதக்கணக்கில் அப்படியே நீடித்தாலே போதும், எல் நினோ என்று சொல்லிவிடுகிறார்கள். அரை டிகிரி நம் கைக்குத் தெரியாது. கடலின் பரப்பை நினைத்துப் பாருங்கள்.

இது நமக்கு எப்படி வந்து சேர்கிறது? ஆடி, ஆவணியில் அந்த இறங்கு காற்று நம் நாட்டின் பெரும்பகுதியை அமுக்குகிறது. தென்மேற்குப் பருவம் நலிகிறது. ஐப்பசியில் காற்றுத் திசை மாறிய பிறகு கதையும் மாறுகிறது. வங்கக் கடல் மேல் கிழக்குக் காற்று வலுத்து, நாட்டின் தென்முனையில் ஈரத்தைக் கொண்டுவந்து குவிக்கிறது. வடநாட்டுக்கு வில்லனாக இருக்கும் எல் நினோ நமக்குப் பல வருஷங்களில் நல்ல பிள்ளையாக நடப்பது இதனால்தான். 2015-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பலமான எல் நினோ. நாடு முழுவதும் தென்மேற்குப் பருவமழை 14 சதவீதம் குறைவு. அதே வருஷம் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 53 சதவீதம் கூடுதல், சென்னை மூழ்கியது.

நம் மாவட்டத்துக்காரர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடற்கரை மாவட்டங்கள் மாதிரி நாம் வடகிழக்கை மட்டும் நம்பி இல்லை. நமக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் ஏறக்குறைய சரிபாதி. மானாவாரி நிலக்கடலை ஆடி மழையில் நிற்கிறது. ஏரியும் கிணறும் ஐப்பசி, கார்த்திகையில் நிரம்புகின்றன. ஆகவே ஒரே எல் நினோ வருஷம், மேட்டு நிலத்துக் கடலைக்காரருக்குக் கெட்ட வருஷமாகவும், ஏரிப் பாசன நெல்காரருக்கு நல்ல வருஷமாகவும் அமையலாம். "இந்த வருஷம் மழை எப்படி?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. யாருக்கு, எந்த மாசம் என்று கேட்க வேண்டும்.

பசிபிக் மட்டும்தானா? நம் பக்கத்துக் கடலுக்கும் ஒரு ஊஞ்சல் இருக்கிறது. 1999-ல் சாஜி, கோஸ்வாமி, விநயச்சந்திரன், யமகாடா ஆகிய நான்கு பேர் இதை எடுத்துக்காட்டினார்கள். இந்தியப் பெருங்கடல் இருமுனை என்கிறோம். ஆப்பிரிக்கா பக்கம் கடல் சூடாகி, சுமத்ரா பக்கம் குளிர்ந்தால் நேர்மறை. மாறி நடந்தால் எதிர்மறை. நேர்மறை பெரும்பாலும் நம் ஐப்பசி மழைக்குத் துணை.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. 1970-களின் தொடக்கத்தில் மேடன், ஜூலியன் என்ற இருவர் கண்டுபிடித்தது. பெரிய மேகக் கூட்டம் ஒன்று பூமத்திய ரேகையை ஒட்டி மேற்கிலிருந்து கிழக்காக நகர்ந்துகொண்டே இருக்கிறது. நம்ம ஊர் பாஷையில் சொன்னால், அது பூமியைக் கிரிவலம் வருகிறது. நாம் 14 கிலோமீட்டரைச் சில மணி நேரத்தில் சுற்றிவிடுகிறோம். அது ஒரு சுற்றுக்கு 30 முதல் 60 நாள் எடுத்துக்கொள்கிறது. அது இந்தியப் பெருங்கடலுக்கு மேலே வரும் சமயத்தில் வங்கக் கடலில் தாழ்வு மண்டலங்கள் உருவாக வசதி அதிகம். அது தாண்டிப் போனதும் நல்ல பருவத்திலேயே பத்து நாள் வெயில் காயும்.

இதெல்லாம் பாடம். இனி என் தப்புக்கு வருகிறேன்.

2018. பையன் வருகிற மாதிரி அறிகுறி இருந்தது. இந்தியப் பெருங்கடலும் நேர்மறைப் பக்கம். தம்பி வழக்கம் போலக் கேட்டான். "பையன்தான்டா. ரெண்டு கடலும் நமக்குச் சாதகம். தைரியமா இரு" என்று சொன்னேன். வாத்தியார் தோரணை போகுமா? அவன் பக்கத்துக்காரரின் இரண்டு ஏக்கரையும் குத்தகைக்கு எடுத்துச் சம்பா நட்டான்.

அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுக்கு 24 சதவீதம் குறைவு. நவம்பரில் கஜா புயல் வந்தது. டெல்டாவில் தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போனது. எங்கள் ஊர் ஏரியில் மதகு மட்டத்துக்குக்கூடத் தண்ணீர் வரவில்லை. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் கிணறு அடி தட்டியது. தம்பி மனைவியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. தம்பி என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. "கடல்காரன் ஏமாத்திட்டான், விடுண்ணா" என்றான். அவன் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அதன் பிறகு உட்கார்ந்து பழைய கணக்குகளைப் பார்த்தேன். முன்பே பார்த்திருக்க வேண்டியது. 2010 லா நினா வருஷம். மழை குறையவில்லை, நன்றாகவே பெய்தது. 2016-ல் வலுவில்லாத லா நினா, எதிர்மறை இருமுனை, இரண்டும் சேர்ந்து வந்தன, 44 செ.மீ. பெய்ய வேண்டிய பருவத்தில் 17 செ.மீ.கூடப் பெய்யவில்லை. 62 சதவீதம் குறைவு, 1876-க்குப் பிறகு மிக மோசம் என்றார்கள். அதே பருவத்தில்தான் வர்தா புயல் சென்னையை அடித்தது. பிறகு 2021-ம் லா நினாதான். மழை 71 செ.மீ.! 59 சதவீதம் கூடுதல். 2023-ல் பையன் வந்தான், இருமுனையும் நேர்மறை. மாநிலச் சராசரி வெறும் 4 சதவீதம் கூடுதல். ஆனால் அந்த டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. சராசரியைப் பார்த்தால் அமைதியான வருஷம். தாமிரபரணிக் கரையில் போய் அப்படிச் சொல்லிப் பாருங்கள்!

காரணம் என்னவென்றால், நம் வடகிழக்குப் பருவம் தினம் கொஞ்சம் பெய்து சேருகிற மழை இல்லை. நாலைந்து தாழ்வு மண்டலங்கள் வந்து கொட்டிவிட்டுப் போவதுதான் பருவத்தின் பெரும்பங்கு. அதில் ஒன்று நூறு கிலோமீட்டர் வடக்கே தள்ளிக் கரை கடந்தால் ஆந்திராவுக்கு லாபம், நமக்கு நஷ்டம். பசிபிக் கடல் சீட்டுக் கட்டைக் கொஞ்சம் நம் பக்கம் சாய்த்துக் கலைக்கலாம். எந்தச் சீட்டு எந்த ராத்திரி விழும் என்பது அதன் கையில் இல்லை.

இனி 2024. அந்த இலையுதிர் காலத்தில் உலக வானிலை மையங்கள் லா நினா வரக்கூடும் என்று சொல்லிக்கொண்டிருந்தன. அது கடைசியில் தாமதமாக, வலுவில்லாமல்தான் வந்தது. தம்பி கேட்டபோது, "பொண்ணு வரலாம்னு சொல்றாங்க. ஆனா அதை நம்பி எதையும் செய்யாதே" என்று சொன்னேன். அவன் காதில் முதல் பாதி மட்டும் தங்கிவிட்டது.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. கடந்து போகாமல் அங்கேயே நின்றது. பிறகு மெல்ல மேற்கே, நம் மாவட்டத்து வழியாக நகர்ந்தது. மயிலத்தில் ஒரு நாளில் 51 செ.மீ. அடுத்து ஊத்தங்கரையில் 50 செ.மீ. ஊத்தங்கரை என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அங்கே விழுகிற தண்ணீர் சாத்தனூருக்குத்தான் வந்தாக வேண்டும். 119 அடி கொள்ளும் அணை ஏற்கெனவே ஏறக்குறைய நிறைந்திருந்தது.

டிசம்பர் 1 ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தம்பிக்குப் போன் போட்டேன். "மோட்டாரைக் கழற்றி மேட்டுல வை. மாட்டை ஓட்டிக்கிட்டு ஸ்கூல் பக்கம் போயிடு. ராத்திரி ஆத்தோரம் இருக்காதே" என்றேன். அவன் சிரித்தான். "ஏண்ணா, இந்த வருஷம் பொண்ணுன்னுதானே சொன்னே? பொண்ணு வந்தா மழை கம்மின்னு நீதானே சொல்லிக் குடுத்தே? அன்னைக்குப் பெய்யும்னே, பெய்யல. இன்னைக்கு வெள்ளம்ங்கறே" என்றான்.

எனக்கு வாயடைத்துவிட்டது. அவன் சொன்னதில் தப்பில்லை. நான் கொடுத்த சூத்திரத்தை என் மேலேயே திருப்பிப் போட்டான். 2018-ல் நான் தைரியமாகச் சொன்ன பேச்சு, 2024-ல் சரியான எச்சரிக்கையை அவன் காதில் ஏறவிடாமல் தடுத்தது.

போனைப் பிடுங்கியது தம்பி மனைவி. சங்கிலியை அடகு வைத்த அதே அம்மாதான். "மாமா, நீங்க சொல்லுங்க, எத்தனை மணிக்குள்ள கிளம்பணும்?" என்று கேட்டார். பிள்ளைகளையும் மாடுகளையும் ஓட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். வேறு வழியில்லாமல் தம்பியும் பின்னாலேயே போனான். டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் வெளியேறியது. மோட்டார் கொட்டகை இருந்த இடம் தெரியவில்லை. நெல் வயல் முழுக்க மணல். மாடுகள் பிழைத்தன, மனிதர்கள் பிழைத்தார்கள்.

அதே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நம் ஊருக்குள் என்ன நடந்தது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலையடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து, ஒரு வீட்டில் இருந்த ஏழு பேர், அதில் ஐந்து பேர் குழந்தைகள், போய்விட்டார்கள். நாம் தினம் பார்த்துக் கும்பிடுகிற மலை. அந்த வருஷம் டிசம்பர் 13-ம் தேதி தீபம் ஏறியது. பக்தர்களை மலையேற விடவில்லை. நான் கீழே நின்று கும்பிட்டபோது ஜோதியைவிட இருட்டில் இருந்த அந்தச் சரிவுதான் கண்ணில் நின்றது.

நான் இதிலிருந்து கற்றுக்கொண்டதை இளைய தலைமுறைக்குச் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறேன்.

மழையைப் பற்றி மூன்று விதமான கேள்விகள் உண்டு. பருவம் எப்படி இருக்கும் என்பது ஒன்று. அதற்குக் கடல்களின் அலைவைப் பார்க்கலாம். கிடைக்கிற பதில் வாய்ப்புக் கணக்குதான். அதை வைத்து விதைக் கையிருப்பு, கடன், அணை நிர்வாகம் மாதிரி நிதானமான காரியங்களைத் திட்டமிடலாம். இருப்பதையெல்லாம் ஒரே பக்கம் வைக்கக் கூடாது. அடுத்த இரண்டு வாரம் எப்படி என்பது இரண்டாவது. அதற்குக் கிரிவலம் வருகிற அந்த மேகக் கூட்டத்தைப் பார்க்கலாம். உரம் போடுவதா, அறுப்பதா என்று முடிவு செய்ய அது உதவும். இன்று ராத்திரி என்ன நடக்கும் என்பது மூன்றாவது. அதற்குப் பையனும் வேண்டாம், பொண்ணும் வேண்டாம். ரேடார் படம், அணையின் நீர்மட்டம், மேல் பக்கத்து ஊர்களின் மழையளவு, வானிலை மையத்தின் எச்சரிக்கை, இவை போதும். முதல் கேள்விக்கான பதிலை மூன்றாவது கேள்விக்குப் பயன்படுத்தினால் உயிர் போகும். முதல் கேள்விக்கு அதிக உறுதியோடு பதில் சொல்லி வைத்தால், மூன்றாவதற்குச் சொல்கிறபோது யாரும் நம்ப மாட்டார்கள். இரண்டாவது தப்பைச் செய்தவன் நான்.

நம் சங்கத்துக்கு என்னுடைய கோரிக்கை சின்னதுதான். கல்லூரி வளாகத்தில் ஒரு மழைமானி வைப்போம். மாணவர்கள் தினம் காலை எட்டரைக்கு அளந்து எழுதட்டும். நம் பழைய மாணவர்கள் செங்கத்தில் இருக்கிறார்கள், தண்டராம்பட்டில் இருக்கிறார்கள், கலசபாக்கம், போளூர், ஊத்தங்கரை வரை இருக்கிறார்கள். அவரவர் ஊரில் எவ்வளவு பெய்தது, ஏரி எந்த மட்டம் என்று ஒருத்தருக்கொருத்தர் போனில் சொல்லிக்கொண்டால், மேல் பக்கத்துச் செய்தி கீழ் பக்கத்துக்கு முன்கூட்டியே போய்ச் சேரும். மலையடிவாரத்துத் தெருக்களுக்கு ஆளுக்கு ஒரு பொறுப்பு எடுத்துக்கொள்ளலாம். மழைமானிக்கான செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

தம்பி இப்போது மோட்டாருக்குக் கரையைவிட்டுத் தள்ளி மேட்டில் மேடை கட்டியிருக்கிறான். சங்கிலியும் மீண்டு வந்துவிட்டது. இப்போதும் நவராத்திரிக்கு முன்னால் போன் வருகிறது, கேள்வியும் அதேதான். நான் பையன், பொண்ணு என்று சொல்லிவிட்டு, "பத்துக்கு ஆறு வருஷம் அப்படி நடக்கலாம், நாலு வருஷம் நடக்காமலும் போகலாம். அதுக்கு ஏத்த மாதிரி நடு" என்கிறேன். "இதைச் சொல்லவா காலேஜ் படிச்சே?" என்கிறான். ஆமாம், இதைச் சொல்லத்தான் படித்திருக்கிறேன் என்று இத்தனை வருஷம் கழித்துப் புரிகிறது.

மணி ஆகிவிட்டது, செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.